பன்னிரண்டு டன் தண்ணீர்

விதி ஆறு, உட்பிரிவு மூன்று: எடைப் பட்டியலில் காட்டப்படும் எடைகள் யாவும், கலம் நீராவி ஏற்றிப் புறப்படத் தயாராக நிற்கும் நிலையில் உள்ள எடைகளாக இருக்க வேண்டும்.

இந்த விதியை நான் படிக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. பென்சிலால் அடிக்கோடு போட்டிருந்தேன். ஓரத்தில் 'கண்டேன்' என்று எழுதிச் சுருக்கொப்பமும் வைத்திருந்தேன். கொதிகலன் பரிசோதனை அலுவலகம் ஒன்றில் முப்பத்திரண்டு வருடம் வேலை பார்த்து, கடைசி ஆறு வருடம் சூப்பிரண்டாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஒருவன் ஒரு விதியைக் கண்டதற்கு இதைவிடப் பெரிய சாட்சியம் எந்த அலுவலகத்திலும் கிடையாது. கண்டேன், கோடு போட்டேன், ஒப்பம் வைத்தேன், அதன் பிறகு அதை மீறினேன். மீறுகிறேன் என்று தெரியாமலே மீறினேன். மற்றவர்களுடைய விண்ணப்பங்களில் இதே குற்றத்தைக் கண்டால் நான் வழக்கமாக எழுதுவது ஒரே வரிதான்: 'விதியைப் படித்துவிட்டு மறுபடி சமர்ப்பிக்கவும்.' அந்த வரியை எத்தனை பேர் எத்தனை வயிற்றெரிச்சலோடு வாசித்திருப்பார்கள் என்று அந்த வருடம்தான் எனக்குப் புரிந்தது.

விதிப் புத்தகம் பதினோரு பக்கம். 1995 ஓணம் கழிந்த ஞாயிற்றுக்கிழமை என் மருமகன் அதைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். அவருக்குத் திருவனந்தபுரத்தில் ஒரு சிறிய கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. ஐரோப்பாவிலுள்ள யாருக்கோ அவர்கள் ஒரு கடற்போர் சிமுலேஷன் செய்துகொண்டிருந்தார்கள். கம்ப்யூட்டருக்குள் ஒரு கடல். அதில் உலகத்தில் எங்கும் இல்லாத இரண்டு நாடுகள். வருடம் 1906. அந்த நாடுகளின் கப்பல்கள் ஒன்றையொன்று சுட்டுக்கொள்ளும். கப்பல்களும் கற்பனைதான். ஆனால் அந்தக் காலத்துப் பட்டறையில் கொடுத்திருந்தால் கட்டியிருக்கலாம் என்று நம்பும்படி இருக்க வேண்டும். அதனால் ஒவ்வொரு கப்பலுக்கும் காகிதத்தில் முறைப்படி ஒரு வடிவமைப்பு: வரைபடம், எடைப் பட்டியல், மிதப்புக் கணக்கு. இவற்றை வடிவமைத்தவரே கையெழுத்திட்டுக் கொச்சியிலுள்ள ஒரு பரிசீலகருக்கு நேராக அனுப்ப வேண்டும். பரிசீலகர் கப்பற்படையிலிருந்து ஓய்வு பெற்ற பொறியாளர். அவர் 'சரி' என்றால்தான் கப்பல் கடலில் இறங்கும்.

கம்பெனியில் ஆளுக்கொரு கப்பலைப் பிரித்துக் கொடுத்தார்கள். போர்க்கப்பல், குரூசர் எல்லாம் பழைய ஆட்களுக்கு. கடைசியாகச் சேர்ந்த என் மருமகனுக்கு இருப்பதிலேயே சிறியது, ஒரு டார்பிடோ படகு. அவர் அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. நானும் பார்த்ததில்லை. ஆனால் கூட்டத்தில் அவர், 'எங்க மாமாவுக்குக் கொதிகலன் எல்லாம் அத்துப்படி' என்று சொல்லிவிட்டார். மற்றதெல்லாம் அந்த ஒரு வாக்கியத்தால் தீர்மானமாகிவிட்டது.

இதை விளையாட்டென்று நினைத்திருந்தால் அந்த ஐந்து மாதமும் நான் தூக்கம் கெட்டிருக்க மாட்டேன். மருமகன் அங்கே தகுதிகாண் பருவத்தில் இருந்தார். அவருடைய கப்பல் பரிசீலனையில் தேறினால் வேலை உறுதி, தேறாவிட்டால் வேறு இடம் பார்த்துக்கொள்ளலாம் என்று எழுத்திலேயே கொடுத்திருந்தார்கள். வேறு இடம் தயாராகவே இருந்தது. ஷார்ஜாவிலிருந்து அவருடைய அண்ணன் விசா அனுப்பியிருந்தார். குளிர்சாதனப் பெட்டி விற்கும் கம்பெனியில் ஸ்டோர் பார்க்கும் வேலை. ஜனவரி முப்பத்தொன்றுக்குள் அங்கே போய் இறங்க வேண்டும், இல்லாவிட்டால் விசா செல்லாது. என் மகளுக்கு நெய்யாற்றின்கரையில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை. கல்யாணமாகி இரண்டு வருடம் ஆகவில்லை. அவர் போனால் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை வருவார், நாற்பது நாள் இருப்பார். எங்கள் தெருவில் அப்படிப்பட்ட வீடுகள் உண்டு. அங்கே பெண்கள் தபால்காரரின் சைக்கிள் மணியை வைத்துத்தான் கிழமை சொல்வார்கள். என் மகள் அந்தக் கணக்கில் சேரக்கூடாது என்பதுதான் என் கவலை. அவள் வாய்விட்டு ஒன்றும் கேட்கவில்லை. விதிப் புத்தகத்துக்குப் பிரவுன் தாளில் அட்டை போட்டுக் கொடுத்தாள், அவ்வளவுதான்.

வேலையில் இறங்கினேன். ஒரு பழைய ஃபைல் அட்டை எடுத்து 'டா.ப. 17' என்று தலைப்பிட்டேன். அந்த இல்லாத நாட்டின் கடற்படையில் இந்தப் படகின் எண் பதினேழு. திருவனந்தபுரத்து நூலகங்களில் பத்து நாள் உட்கார்ந்து பழைய கப்பற்கட்டுமானப் புத்தகங்களிலிருந்து குறிப்பெடுத்தேன். டார்பிடோ படகு என்பது கப்பல்களில் ஒரு நடுத்தர வர்க்கத்து ஜீவன் என்று அப்போது தோன்றியது. கவசம் கிடையாது, பெரிய பீரங்கி கிடையாது. வேகமாகக் கிட்டே போய், நீருக்கடியில் பாய்ந்து வெடிக்கும் டார்பிடோ இரண்டை விட்டுவிட்டு, யாரும் கவனிப்பதற்குள் திரும்பி ஓடிவிட வேண்டும். ஓடுவதற்காகவே படகின் பாதி உடம்பு கொதிகலனும் எஞ்சினும்தான். ஆட்கள் மிச்ச இடத்தில் ஒடுங்கிக்கொள்வார்கள்.

நீளம் நாற்பது மீட்டர். அகலம் நாலே முக்காலுக்கும் குறைவு. ரயில் எஞ்சினில் இருப்பது போன்ற கொதிகலன் இரண்டு, ஆளுக்கொரு புகைபோக்கியோடு. மூன்று கட்டமாக நீராவி விரியும் எஞ்சின் ஒன்று. கொதிகலன்களின் இரு பக்கமும் நிலக்கரி அறைகள். கவசம் இல்லாத படகுக்கு அந்தக் கரிதான் கவசம், குண்டு வந்தால் முதலில் கரியில் படும். முன்பக்கத் தளத்தை ஆமை முதுகு போல வளைத்தேன், அலை ஏறினால் வழிந்து போக. டார்பிடோ குழாய் இரண்டு, பின்புறம் ஒரு சிறு பீரங்கி, உபரி டார்பிடோ ஒன்று. வேகம் மணிக்கு இருபத்தைந்து கடல் மைல்.

விதியின் கெடுபிடி எடைப் பட்டியலில்தான் இருந்தது. படகு தண்ணீரில் எவ்வளவு அமிழ்ந்திருக்கிறதோ அந்த இடத்துத் தண்ணீரின் எடையும், படகிலுள்ள சகல சாமான்களின் எடையும் ஒன்றாக இருக்க வேண்டும். நூற்றுக்கு இரண்டு வரை வித்தியாசம் மன்னிக்கப்படும். நான் ஆணி எடை, பெயின்ட் எடை, ஆட்களின் படுக்கை எடை, சமையல் பாத்திர எடை வரை எழுதினேன். ஒரு பக்கம் நூற்றுப் பதினெட்டு டன். மறுபக்கம் நூற்றுப் பதினெட்டு டன். வித்தியாசம் பூஜ்யம். என் பணிக்காலத்தில் எந்தக் கணக்கில் வித்தியாசம் பூஜ்யம் என்று பார்த்தாலும் நான் சந்தேகப்படுவேன். என் சொந்தப் பூஜ்யத்தைப் பார்த்து ஒரு கப் காபி அதிகமாகக் குடித்தேன்.

வடிவமைப்புகள் நவம்பர் கடைசிக்குள் கொச்சிக்குக் கிடைக்க வேண்டும். நான் நவம்பர் நடுவில் ஒரு செவ்வாய்க்கிழமை அனுப்புவதாக ஃபைலில் எழுதியிருந்தேன். அந்தச் செவ்வாய்க்கிழமை பந்த். கேரளத்தில் பந்த் என்றால் தபால் நிலையமும் கதவு திறக்காது. புதன்கிழமை அனுப்பியிருக்கலாம், குடி முழுகிப் போயிருக்காது. ஆனால் ஃபைலில் எழுதிய தேதியை மாற்ற எனக்குக் கை வராது. எங்கள் வீடு கேரளத்தின் தெற்கு எல்லையில், எல்லைக்காரர்களுக்கு இதற்கெல்லாம் ஒரு வழி உண்டு. இந்தப் பக்கம் பந்த் என்றால் அந்தப் பக்கம் போவோம், அந்தப் பக்கம் கடையடைப்பு என்றால் அங்குள்ளவர்கள் இங்கே வருவார்கள். பனச்சமூட்டில் ரோட்டைத் தாண்டினால் தமிழ்நாடு. மருந்து, பால், பத்திரிகை எல்லாம் அன்று அங்கேதான் வாங்குவோம். ஆளில்லாத ரோட்டில் சைக்கிளை மிதித்து, எல்லை தாண்டி, அந்தப் பக்கத்துச் சிறிய தபால் நிலையம் ஒன்றில் ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலாகப் போட்டேன். ரசீதை மடித்துக் கண்ணாடிக் கூட்டில் வைத்துக்கொண்டேன். குறித்த தேதியில் முடித்துவிட்ட திருப்தியில் திரும்பும்போது ஏற்றத்தில்கூட இறங்காமல் மிதித்தேன்.

மறுநாள் மாலை பக்கத்து வீட்டுக்காரர் வந்தார். ரயில் எஞ்சினில் ஃபயர்மேனாகச் சேர்ந்து டிரைவராக ஓய்வு பெற்றவர். கொல்லத்திலிருந்து செங்கோட்டைக்கு ஏறும் மலைப்பாதையில் கரி அள்ளிப் போட்டே முதுகு வளைந்தவர். இப்போது மிஷன் சர்ச்சில் கமிட்டிக் கணக்கெல்லாம் அவர் கையில். என்னைவிட மூன்று வயது மூத்தவர், என்றாலும் என்னைச் 'சாரே' என்றுதான் அழைப்பார். பெருமைக்காக அவரிடம் கார்பன் நகலைக் கொடுத்தேன். அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கொதிகலன் பக்கத்துக்கு நேராகப் போனார். விரலை வைத்து இரண்டு முறை மேலிருந்து கீழே வந்தார்.

"இதுல வெள்ளம் எங்க சாரே?"

எங்கள் பேச்சில் வெள்ளம் என்றால் தண்ணீர். குடிதண்ணீர் பட்டியலில் இருக்கிறது, ஆளுக்கு இவ்வளவு என்று கணக்கிட்டிருக்கிறேன், என்றேன்.

"குடிக்கற வெள்ளம் இல்ல. பாய்லருக்க வெள்ளம். காலியாட்டா ஆவி வரும்?"

அவர் காகிதத்தை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"நீங்க முப்பது வருசமும் அணஞ்சு கெடக்கிய பாய்லரத்தான பாத்திய. செத்தவங்கள மட்டும் பாத்த டாக்டராக்கும் நீங்க."

அது உண்மை. கொதிகலன் பரிசோதனை என்றால், தேதி குறித்து நோட்டீஸ் போகும். ஆலைக்காரர் நெருப்பை அணைத்து, ஆற விட்டு, தண்ணீரை முழுக்க வடித்து, உள்ளே சுரண்டித் துடைத்து, மூடிகளைக் கழற்றி வைத்திருக்க வேண்டும். ஆய்வாளர் டார்ச்சோடு உள்ளே நுழைவார், நான் வெளியே ஃபைலோடு நிற்பேன். ஓட்டுத் தொழிற்சாலை, முந்திரித் தொழிற்சாலை, ரப்பர் ஆலை என்று நூற்றுக்கணக்கில் பார்த்திருக்கிறேன். எல்லாம் குளிர்ந்து காலியானவை. பதிவேட்டில் எழுதும் எடையும் வெற்றுக் கொதிகலனின் எடைதான். என் மனதில் கொதிகலன் என்ற சொல்லுக்கே தண்ணீர் இல்லாத இரும்பு என்பதுதான் பொருள். இதைப் போன்ற ஒரு தப்பைச் செய்ய வேறு எந்த உத்தியோகஸ்தனாலும் முடியாது. ஒரு ஃபயர்மேன் கனவில்கூடச் செய்ய மாட்டான், தண்ணீர் மட்டம் இறங்கினால் கொதிகலன் வெடித்து அவன் உயிர் போய்விடும்.

அப்போதே இருவரும் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். இரண்டு கொதிகலனிலும் ஒன்பது டன். அவற்றுக்கு ஊட்டுவதற்காகத் தொட்டியில் வைக்க வேண்டிய நல்ல தண்ணீர் மூன்று டன். மொத்தம் பன்னிரண்டு. நூற்றுக்கு இரண்டு மன்னிப்பு உள்ள இடத்தில் நான் பத்து விட்டிருக்கிறேன். நீராவி ஏற்றினால் என் படகு நான் வரைந்த கோட்டைவிட நாலு அங்குலம் அமிழும். அது ஏற்கெனவே தண்ணீரை ஒட்டிப் பாயும் படகு. விதி ஒன்பதைப் பிரித்துப் பார்த்தேன், அதையும் அடிக்கோடிட்டிருந்தேன்: ஒரு கலத்துக்கு ஒரு சமர்ப்பிப்புதான். முதலில் கிடைப்பதே இறுதியானது, பின்னர் வருவது பிரிக்கப்படாமல் திருப்பி அனுப்பப்படும். தொலைபேசி விசாரணை ஏற்கப்படாது என்பது விதி பத்து.

தபாலைத் திரும்பப் பெறவும் ஒரு முறை உண்டு. போட்ட தபால் நிலையத்தில் எழுத்தில் விண்ணப்பித்து, உறையின் மேல் எழுதியிருப்பதை அப்படியே எழுதிக் காட்டி, ரசீதை நீட்ட வேண்டும். வியாழக்கிழமை காலையில் கதவு திறக்கும் முன்னே அங்கே போய் நின்றேன். கவுன்டரில் இருந்த பெண் நான் எழுதியதை முழுக்கப் படித்தார். விண்ணப்பம் சரியாக இருக்கிறது என்றார். பை செவ்வாய் மாலையே போய்விட்டது என்றார். எந்த வழியாக என்று கேட்டேன்.

"தெக்க நாகர்கோவிலுக்குப் போயி, பிரிச்சு கட்டி, அப்பறம் தான் வடக்க போவும் சார். எங்களுக்கு அப்பிடித்தான்."

அதாவது கொச்சிக்குப் போக வேண்டிய உறை, எதிர்த்திசையில் கிளம்பியிருக்கிறது. என் பதற்றத்தில் அதை ஒரு அவமானமாகத்தான் எடுத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்து பக்கத்து வீட்டுக்காரரிடம் சொன்னபோது அவர் கண்ணை மூடி ரயில் பாதையை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தார். நாகர்கோவிலில் எத்தனை நாள் கிடக்குமோ தெரியாது, ஆனால் எல்லைக்கு இந்தப் பக்கம் பாறசாலையில் போடும் தபால் தெற்கே போகாது, நேரே வடக்கே போகும் என்றார். புதிய உறையை நாளையே போட்டால் பழையதை முந்தலாம். முந்தினால் விதி ஒன்பதின்படி புதியதுதான் முதலாவது. முந்தாவிட்டால் புதியது பிரிக்கப்படாமலே திரும்பி வரும், பழையது தோற்கும்.

"ஒரு பந்தயம் வச்சுப் பாப்போம் சாரே. போனா ஒரு கவர்."

அவருக்கு ஒரு கவர். எனக்கு ஷார்ஜா.

வியாழன் மிச்சப் பொழுதும், வெள்ளி மத்தியானம் வரையும் புதிய படகு வரைந்தோம். எடையை எங்கே குறைப்பது என்பதில்தான் சண்டை. நான் நிலக்கரியில் எட்டு டன் குறைக்கலாம் என்றேன். அவர் பென்சிலைக் கீழே வைத்துவிட்டார். கரியைக் குறைத்துக் கொடுத்த அதிகாரிகளால் மலை நடுவில் வண்டி நின்று தான் பட்ட பாட்டை ஒவ்வொரு சுரங்கமாகச் சொன்னார். அந்த இல்லாத கடலில் இல்லாத ஒரு ஃபயர்மேன் கரியில்லாமல் நிற்பதை அவரால் தாங்க முடியவில்லை. கரியை விட்டுவிட்டேன். படகை மூன்று மீட்டர் நீட்டினோம். பின்புறப் பீரங்கியை எடுத்தோம், உபரி டார்பிடோவை எடுத்தோம். அப்படியும் முழுக்கத் தீரவில்லை. மிச்சத்தைப் படகு இரண்டு அங்குலம் அமிழ்ந்து தாங்கிக்கொண்டது. வேகம் இருபத்தைந்திலிருந்து இருபத்துமூன்றரைக்கு இறங்கியது. இந்த முறை இரு பக்கத்துக்கும் அரை டன் வித்தியாசம் வந்தது. அதை அப்படியே எழுதினேன்.

உறைக்குள் ஒரு கடிதமும் வைத்தேன். இதற்கு முன் ஒரு சமர்ப்பிப்பு வேறு வழியாக வந்துகொண்டிருக்கிறது, அதில் கொதிகலன் தண்ணீர் விடுபட்டது, தவறு முழுக்க என்னுடையது, கம்பெனிக்கோ அதன் ஊழியருக்கோ இதில் பங்கில்லை என்று எழுதினேன். மறைத்துவிட்டு அனுப்பலாமே என்று மனைவி கேட்டாள். ஒரே படகுக்கு இரண்டு உறை வந்தால் அந்த மனுஷன் கேட்கமாட்டாரா என்றேன். அதுவும் நியாயம்தான். ஆனால் உண்மையான காரணம், முப்பத்திரண்டு வருடப் பழக்கத்தில் திருத்தத்துக்குக் காரணம் எழுதாமல் என்னால் ஒரு திருத்தம் செய்ய முடியாது என்பதே. வெள்ளிக்கிழமை மத்தியானம் பாறசாலையில் தபாலில் சேர்த்தேன்.

அன்று சாயங்காலம் கன்னியாகுமரியிலிருந்து வடக்கே போகும் வண்டி எங்கள் வீட்டுக்குப் பின்புறப் பாதையில் கூவிக்கொண்டு போயிற்று. என் காலி கொதிகலன்கள் அதன் தபால் பெட்டியில் இருக்கலாம் என்று தோன்றியது. அதற்கு மறுநாளும் தோன்றியது. அந்த வாரம் முழுக்க எந்த வண்டி வடக்கே போனாலும் நான் வாசலைவிட்டுக் கொல்லைப் பக்கம் போய் நின்றேன். 'வண்டியில் யாராவது வாறாங்களா?' என்று மனைவி ஒரு தடவை கேட்டாள். பிறகு கேட்கவில்லை.

டிசம்பர் முதல் வாரத்தில் இரண்டு ஒப்புகை அட்டைகளும் ஒரே நாளில் வந்தன. ஒப்புகை அட்டையில் பெற்றவர் கையெழுத்தும் தேதியும் இருக்க வேண்டும். இரண்டிலும் ஒரே கையெழுத்து. பரிசீலகருடையது அல்ல, வீட்டில் வேறு யாரோ கிறுக்கியது. இரண்டிலும் தேதி இல்லை. முத்திரைகளில் ஒன்று மையில்லாமல் வெள்ளையாக விழுந்திருந்தது, மற்றதில் மை அதிகமாகி எல்லா எண்ணும் எட்டாகத் தெரிந்தது. பக்கத்து வீட்டுக்காரர் இரண்டையும் வெயிலில் பிடித்துப் பார்த்தார். அட்டைகளை என் கையில் கொடுத்தார்.

விதி பதினொன்று: பரிசீலகர் முப்பது நாட்களுக்குள் பதில் தர வேண்டும். டிசம்பர் முடிந்தது. பதில் இல்லை. கம்பெனியில் மற்றவர்களுடைய கப்பல்களுக்கும் பதில் வரவில்லை என்று மருமகன் சொன்னார். கேட்ட அன்று ஆறுதலாக இருந்தது. மறுநாள், அவர்களுடையதையெல்லாம் தள்ளி வைத்துவிட்டு பரிசீலகர் என்னுடைய இரண்டு உறைகளைப் பற்றிக் கம்பெனிக்கு அறிக்கை எழுதிக்கொண்டிருக்கிறாரோ என்று தோன்றிவிட்டது. நினைவூட்டுக் கடிதம் எழுதினேன். அனுப்பவில்லை. அனுப்பினால் இரண்டு உறைகளையும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். அனுப்பாவிட்டால் மறந்துவிடுவார். ஒரு விண்ணப்பதாரருக்கு இரண்டு வழியிலும் நஷ்டம் வரும்படி ஒரு நடைமுறை அமையும் என்பது கவுன்டரின் உட்புறத்தில் உட்கார்ந்திருந்த காலத்தில் எனக்குத் தெரியாமல் போய்விட்டது.

இவ்வளவுக்கும் நான் மருமகனிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் இருவரும் வருவார்கள். மகள் காலைச் செருப்பிலிருந்து எடுக்கும் முன்னே, "கொச்சீலிருந்து வந்துதா அப்பா?" என்பாள். இல்லை என்பேன். அந்த 'இல்லை'யில் பொய் எதுவும் இல்லை. ஆனாலும் அதைச் சொல்லிவிட்டு உடனே வேறு பேச்சுத் தேட வேண்டியிருந்தது. பொங்கல் கழிந்த ஞாயிறன்று ஷார்ஜாவுக்கு டிக்கெட் போட்டாகிவிட்டது, ஜனவரி முப்பதாம் தேதி என்றார் மருமகன். வேண்டாமென்றால் கடைசி இரண்டு நாள் வரை ரத்து செய்யலாமாம். பதிலைப் பார்த்து முடிவு செய்கிறேன் என்றார்.

என் மௌனத்தின் அர்த்தம் அன்றுதான் எனக்கே உறைத்தது. பதில் நல்லதாக வரும் என்று நம்பி அவர் டிக்கெட்டை ரத்து செய்துவிட்டு, பிறகு படகு தோற்றால், விசாவும் போயிருக்கும், வேலையும் போயிருக்கும். அவர் எடுக்கப்போகும் முடிவுக்கு வேண்டிய தாள்களில் ஒன்றை நான் ஃபைலிலிருந்து எடுத்து ஒளித்து வைத்திருக்கிறேன். அதைச் செய்த குமாஸ்தாக்களை நான் என்ன செய்திருக்கிறேன் என்று எனக்குத் தெரியும்.

சாப்பிட்டபின் கொல்லைப்புறத்துக்குக் கூட்டிப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். பந்த், பனச்சமூடு, காலி கொதிகலன், இரண்டாவது உறை, தேதியில்லாத அட்டைகள். சொல்லச் சொல்ல, இதைக் கேட்டால் அவர் ஷார்ஜாவுக்குப் போய்விடுவார், போவதுதான் அவருக்குப் பத்திரம் என்று என் வாய்க்கே தெரிந்தது. அவர் ஒரு தென்னை மட்டையைக் காலால் தள்ளிக்கொண்டே கேட்டார்.

"எத்தன டன்னு மாமா?"

"பன்னிரண்டு."

"முதல்ல தந்த கணக்க நான் கம்ப்யூட்டர்ல ஓட்டிப் பாத்தேன். நல்லா ஓடிச்சு."

எப்படி ஓடும் என்று கேட்டேன்.

"அதுக்கு நாம சொன்னது தான தெரியும். வெள்ளம் இல்லேன்னா, இல்லேன்னே ஓடும். படகு அப்பிடி பறக்குதேன்னு எனக்கு ஒரு சம்சயம் உண்டு. மாமா போட்ட கணக்காச்சேன்னு கேக்கல."

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சற்று நிம்மதியாக இருந்திருக்கும். புதிய கணக்கின் நகல் இருக்கிறதா என்று கேட்டார். கொடுத்தேன். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

ஜனவரி இருபத்தெட்டாம் தேதி மகள் வந்தாள், தனியாக. டிக்கெட்டை ரத்து செய்துவிட்டார் என்றாள். நான் எழுந்து நின்றுவிட்டேன். ஷார்ஜா அண்ணன் போனில் கத்து கத்தென்று கத்தியிருக்கிறார். பதில் வராமல் போக மாட்டேன் என்று இவர் சொல்லியிருக்கிறார். புதிய கணக்கைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தாராம். படகு கனமாக, மெல்லத் திரும்புகிறதாம், ஆனால் அலையில் குதிக்காமல் போகிறதாம்.

"அது என்னாச்சுன்னு தெரியாம போனா அங்கயும் ஒறக்கம் வராதுன்னு சொன்னாரு அப்பா. நீங்க ஒண்ணும் கேக்காண்டாம்."

நான் அவரிடம் உண்மையைச் சொன்னது, அவர் பத்திரமான பக்கம் ஒதுங்கட்டும் என்பதற்காக. அவரோ அதைக் கேட்டுவிட்டு எனக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டார். முப்பத்தொன்றாம் தேதி புதன்கிழமை. அன்று முழுக்க நான் எந்த வேலையும் செய்யவில்லை. மாலையில் பக்கத்து வீட்டுக்காரர் வந்து உட்கார்ந்தார். போகும்போது, தனக்குக் கொதிகலனின் தண்ணீர்க் கண்ணாடியில் மட்டம் தெரியாமல் போன ஒரு பயணம் உண்டு, அடுத்த ஸ்டேஷன் வரும்வரை அதைப் பார்த்துக்கொண்டே போவதைத் தவிர வேறு வழியில்லை என்றார். அந்தப் பயணம் எப்படி முடிந்தது என்று நான் கேட்கவில்லை. அவர் உயிரோடு என் எதிரில் இருந்ததை வைத்து ஊகித்துக்கொண்டேன்.

பிப்ரவரியில் முதல் வாரமும் போயிற்று. கம்பெனியிலிருந்து மருமகனிடம், மாதம் முடிவதற்குள் ஒரு முடிவு வேண்டும் என்றார்கள். அதன் பிறகுதான் ஒரு நாள், பத்தரை மணிக்கு, தபால்காரர் பழுப்பு நிற உறை ஒன்றும், அதைவிடத் தடித்த இன்னொன்றும் கொண்டுவந்தார். தடித்ததைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது, பிரிக்கப்படாமல் திரும்பிய உறை. என் கையெழுத்து, நான் ஒட்டிய தபால்தலைகள். ஒரு சமர்ப்பிப்பு திரும்பிவிட்டது. எது என்று பார்க்கத் துணிவில்லாமல் அதை மேசையில் கவிழ்த்து வைத்தேன். மற்றதை முதலில் பிரித்தேன்.

தட்டச்சு செய்து பரிசீலகர் கையெழுத்திட்ட ஒரு பக்கக் கடிதம். தமக்கு இரண்டு கண்களிலும் அறுவைச் சிகிச்சை நடந்ததால் எல்லாத் தபாலும் தேங்கிவிட்டதாகவும், விதி பதினொன்றை மீறியதற்கு வருந்துவதாகவும் தொடங்கியிருந்தார். தேங்கியவற்றை வீட்டார் வந்த வரிசையில் அடுக்கி எண் போட்டு வைத்திருந்ததாகவும், அதே வரிசையில் பிரித்ததாகவும் எழுதியிருந்தார். டா.ப. 17-க்கு முதலில் கிடைத்தது பாறசாலை முத்திரையிட்ட உறை. அதனுள்ளிருந்த என் கடிதத்தைப் படித்ததாகச் சொல்லியிருந்தார். அது கிடைத்த நாளில் அதற்கு முந்திய சமர்ப்பிப்பு என்று ஒன்று தம்மிடம் இல்லாததால், திருத்துவதற்கும் மன்னிப்பதற்கும் எதுவும் இல்லை. நான்கு நாள் கழித்து வந்த உறை விதி ஒன்பதின்படி பிரிக்காமல் திருப்பப்படுகிறது. எடைப் பட்டியலில் அரை டன் வித்தியாசம் அனுமதிக்கு உட்பட்டது. கொதிகலன் ஊட்டுத் தண்ணீருக்குத் தொட்டி காட்டியிருப்பது திருப்தியளிக்கிறது. வேகம் சற்றுக் குறைவு, என்றாலும் நம்பும்படி இருக்கிறது. வடிவமைப்பு ஏற்கப்பட்டது. நகல்: கம்பெனிக்கு.

மனைவி கையைத் துடைத்துக்கொண்டு வந்து என்ன என்றாள். கடிதத்தை அவளிடம் நீட்டினேன். அவள் படித்து முடிக்கும் வரை பொறுக்காமல் கொல்லை வேலியோரம் போய்ப் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். பிறகு திரும்பி வந்து, நெய்யாற்றின்கரைக்குப் போன் செய்யப் புறப்படும் முன், பழக்கத்தால் பேனாவை எடுத்துக் கடிதத்தின் மேல் ஓரத்தில் அது கிடைத்த தேதியை எழுதிச் சுருக்கொப்பம் வைத்தேன்: 12-2-1996.